மறதிக்காரரிடம் கொடுத்து வைத்தது

ஆவுடையப்பன் அன்றைக்கும் விடியும் முன்பே வீட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். மருமகள் குழலி எழுந்து வந்து பார்க்கும்போது கட்டிலடி, பரண், வாஷிங் மெஷின் எல்லாம் முடிந்திருந்தது. சமையலறையில் அரிசி டிரம்மின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கைவரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். கண்ணீர் அதுபாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கும் பழக்கத்தை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

"தாயி, வீட்ல எல்லாரும் இருக்காவளா?"

"எல்லாரும் இருக்காவ மாமா."

"எண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா. வாங்க, உக்காருங்க."

கையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தாள். பிறர் துயரத்தைச் சுமக்கும் தாங்கி இருக்கும் வீடுகளில் காபிக்கு முன்னால் நடக்கிற காரியம் இது. நாள் முழுக்க அழுகிற உடம்பு வற்றிவிடக் கூடாது அல்லவா. பிறகு அவர் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துவிட்டுக் காய்ந்த துண்டைப் போட்டாள். இதையெல்லாம் அவர் முகத்தைப் பார்க்காமலே செய்ய அவளுக்குப் பழகியிருந்தது.

தூத்துக்குடியில் கடற்சுவர் கட்டி முடித்த பிறகு எழும்பிய அடுக்ககம் அது. சாவு விழுந்த வீடுகளை அங்கே சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு வீட்டில் ஒரே ஒரு குரல்தான் அழும். மற்றவர்கள் டிபனைக் கட்டிக்கொண்டு லிப்டுக்கு நிற்பார்கள். எதிர்வீட்டில் பாட்டி செத்துப்போய் மாதக்கணக்காகிறது, கல்லூரிப் படிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டுப் பெண் எல்லோருக்குமாகச் சேர்த்து அழுகிறாள். அவள் அப்பா காலையில் சீட்டியடித்துக்கொண்டே மாடிப்படியில் இறங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் துயரம் இல்லை, அவ்வளவுதான்.

சட்டம் அப்படி. பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஒருவன் ஏதோ ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும்போது கண் கலங்கி, கொள்கலனை ஆட்களின் தலைமேல் இறக்கிவிட்டானாம். அதிலிருந்து, ஊரின் தண்ணீரையோ மின்சாரத்தையோ கப்பலையோ தொடுகிற எவரும் துயரத்தோடு வேலைக்கு வரக் கூடாது என்று ஆயிற்று. காதுக்குப் பின்னால் நரம்பிழை பொருத்தி, ஒருவரின் துயரத்தை இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். வாங்கிக்கொள்பவர் துயர்தாங்கி. வீட்டுக்கு ஒருவர். நினைவு எல்லோருக்கும் அப்படியே இருக்கும், வலி மட்டும் தாங்கியிடம் போய்விடும்.

குழலிக்கும் நினைவு இருந்தது. அருவி என்று ஒரு மகள் இருந்தாள், பதினோரு வயது, காய்ச்சலில் போய்விட்டாள். தான் வேலை பார்க்கும், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று தெரிந்து வைத்திருப்பதைப் போல இதையும் தெரிந்து வைத்திருந்தாள். கூடத்தில் மாட்டியிருந்த படத்தை வாரம் ஒருமுறை துடைத்தாள். துடைக்கும்போது கண்ணாடியில் கறை தெரியும், பிள்ளை தெரியாது.

தாங்கியாக மாமனாரைச் சொன்னவன் அவள் புருஷன் இசக்கிதுரைதான். அந்த நாளில் இரண்டு பேரும் சோறு தண்ணியில்லாமல் தரையில் கிடந்தார்கள், யாராவது ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால்தான் வீடு நிற்கும். ஆவுடையப்பனுக்கு அப்போதே மறதி முற்றியிருந்தது. காலையில் தின்ற இட்லி மத்தியானம் நினைவிருக்காது. அப்பாவுக்குத்தான் எதுவும் நிக்காதே, இதுவும் நிக்காது, யாருக்கும் கஷ்டமில்லாம போயிரும் என்று இசக்கிதுரை சொன்னான். குழலிக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. துயரத்தை மாற்றிவிடும் மாற்றகத்தில் இருந்தவர்களும் மறதிக்காரருக்குச் சொந்தத் துயரம் பூஜ்யம் என்று போட்டு, இரண்டு பேருடையதையும் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கினார்கள்.

கணக்கு எங்கே தப்பியது என்று தெரியச் சில வாரங்கள் ஆயின. மறதி, நடந்ததைத்தான் அழித்தது. துயரத்தை அது தொடவேயில்லை. யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமலே மனிதர் அழுதார்.

ஏற்றிய துயரம் தானாகத் தேயாது. அதற்கு ஒரு முறை உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றி, வீட்டார் எல்லோரும் தாங்கியைச் சுற்றி உட்கார்ந்து, போனவரின் பேரைச் சொல்லி, ஆளுக்கொன்றாக அவரைப் பற்றிப் பேசவேண்டும். தாங்கி அதைக் கேட்டு அழ அழ, சுமை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பேர்சொல்லல் என்று அதற்குப் பெயர். இந்த வீட்டிலும் முதல் வெள்ளிக்கிழமை உட்கார்ந்தார்கள். அருவி செத்துப்போனாள் என்று சொன்னதும் ஆவுடையப்பன் அந்த நிமிஷம்தான் கேள்விப்பட்டவராக மாரில் அடித்துக்கொண்டு விழுந்தார். எப்போது, எந்த ஆஸ்பத்திரியில், எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டு மாய்ந்தார். இரண்டாம் வெள்ளியும் அதே கதைதான். அவருக்கு ஒவ்வொரு தடவையும் பிள்ளை புதிதாகச் செத்தாள். மூன்றாம் வாரம் இசக்கிதுரைக்கு ஷிப்ட் இருந்தது, நான்காம் வாரம் குழலிக்குத் தலைவலி. அப்புறம் அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் அவர் தேடிக்கொண்டு சும்மா இருந்தார், அது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

ஏற்றிய துயரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளக்க இன்றைக்குத் துயரளவர் வருகிறார்.

அரையாண்டுக்குள் சுமை பாதியாகத் தேய்ந்திருக்க வேண்டும். தேயாவிட்டால், அளக்கிற அன்றே பொழுது சாய்வதற்குள் கொடுத்தவர்களே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் அது தாங்கிக்குள் உறைந்துவிடும். உறைந்துவிட்டால் ஆற்றகத்தில் கொண்டுபோய் விட்டுக் கரைப்பார்கள். கரைக்கும்போது துயரத்தோடு சேர்த்து ஆளிடம் மிச்சமிருக்கும் நினைவும் போகும். இளவயசுக்காரர்கள் எப்படியோ தேறி வருவதுண்டு. ஆவுடையப்பனிடம் இருப்பதே தன் பேரும், சாப்பிடத் தெரிவதும், மருமகளைத் தாயி என்று கூப்பிடுவதும்தான். அதுவும் போனால் மூச்சு விடும் உடம்புதான் திரும்பி வரும்.

இசக்கிதுரை ஒரு வழி வைத்திருந்தான். அவன் வீட்டிலிருந்தே, உள்ளறைத் திரையின் முன்னால் உட்கார்ந்து, துறைமுகக் கிரேன்களை ஓட்டுகிறவன். தன் ஒலிவாங்கியை அப்பாவின் காது மெஷினோடு இணைத்திருந்தான். துயரளவர் கேட்கிற கேள்விக்கு அவன் உள்ளேயிருந்து மெல்லச் சொல்வான், அப்பா அதைத் திருப்பிச் சொன்னால் போதும். பதில் சரியாக வந்தால் வெள்ளிக்கிழமைகள் ஒழுங்காக நடந்திருக்கின்றன என்று நினைத்து, துயரமானியைப் பேருக்குத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நேற்று முழுக்க ஒத்திகை நடந்தது. ஒத்திகையில் ஆவுடையப்பன் கிளி மாதிரிச் சொன்னார்.

துயரளவர் ஜெஸிந்தா சின்ன வயசுக்காரி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நாற்காலி வேண்டாமென்று ஆவுடையப்பனுக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். இசக்கிதுரைக்கு ஷிப்ட் இருப்பதாகச் சொல்லிக் குழலி உள்ளறைக் கதவைச் சாத்தினாள்.

"ஐயா, இந்த வீட்ல யாரு தவறிப்போனது?"

ஆவுடையப்பன் தலையைச் சாய்த்து ஒரு கணம் காது கொடுத்தார். "அருவி," என்றார்.

என்ன உறவு என்று கேட்டாள். பேத்தி என்றார். எப்படி என்றாள். காய்ச்சல் என்றார். வாரா வாரம் பேர் சொல்கிறார்களா என்றதற்கும் சொல்கிறார்கள் என்று வந்தது. குழலிக்கு மூச்சு கொஞ்சம் சீரானது. ஜெஸிந்தா எழுந்திருக்கப் போகிறவளைப் போலப் பையை இழுத்தாள்.

"போதும்ப்பா, இனி வாயத் தொறக்காதிய," என்றார் ஆவுடையப்பன், அதே கிளிக்குரலில்.

ஜெஸிந்தா அவரையே பார்த்தாள். பிறகு கையை நீட்டி, காது மெஷினை நோகாமல் கழற்றி, தன் காதில் வைத்துக் கேட்டாள். அதைத் தரையில் வைத்துவிட்டு, அவருக்குக் கேட்கும்படி உரக்க, அதே கேள்வியை மறுபடி கேட்டாள்.

ஆவுடையப்பனின் முகம் மாறியது. அவளுடைய சீருடையை மேலும் கீழுமாகப் பார்த்தார். கொஞ்சம் முன்னால் நகர்ந்து, மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாத விஷயம் போலக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க போலீஸா?"

ஜெஸிந்தா இல்லையென்று சொல்வதற்குள் அவர் இரண்டு கையையும் சேர்த்து நீட்டிவிட்டார்.

"நான் யாரையோ கொன்னுட்டேன்மா. யாருன்னு நெனப்பு வர மாட்டேங்கு. வீடு பூரா தேடிப் பாத்துட்டேன், எங்கன போட்டேன்னு தெரியல. இந்தப் பிள்ள நல்ல பிள்ள, எல்லாரும் இருக்காவ மாமான்னு என்னயக் காப்பாத்த பொய் சொல்லுது. இல்லாட்டி எனக்கு ஏன் நெஞ்சு இப்பிடிக் கெடந்து அடிக்கணும்? என்னயக் கூட்டிட்டுப் போயிருங்க."

அருவியின் துயரம்தான் குழலியிடம் இல்லையே தவிர வெட்கம் இருந்தது, இரக்கம் இருந்தது, இரண்டும் இப்போது ஒன்றாக அவள் மேல் விழுந்தன. அரிசி டிரம்மில் அவர் தேடியது என்ன என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. தினமும் காலையில் ஒரு கிழவன் தான் செய்த கொலையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான், அவள் அவன் கையில் எலுமிச்சைத் தண்ணீரைக் கொடுத்திருக்கிறாள்.

ஜெஸிந்தா துயரமானியை அவர் நெஞ்சில் வைத்துப் பார்த்தாள். ஒரு துளியும் தேயவில்லை, ஏற்றிய நாளில் இருந்ததைவிடக் கூடுதலாகவே இருக்கிறது என்றாள். அவள் கோபப்படவில்லை. சாயங்காலத்துக்குள் நீங்கள் வாங்கிக்கொண்டால் சரி, இல்லையென்றால் நானே ஆற்றக வண்டியைக் கூப்பிட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு, பால்கனியில் போய் நின்றுகொண்டாள்.

உள்ளறைக் கதவு திறந்திருந்தது. இசக்கிதுரை வாசலில் நின்றான்.

குழலி மென்று விழுங்கவில்லை. வாங்கிக்கொள்வோம் என்றாள். வேலை போனால் போகட்டும், வேறு கைத்தொழில் பார்க்கலாம் என்றாள். அவன் லைசென்ஸைப் பற்றிப் பேசினான், வீட்டைப் பற்றிப் பேசினான், அப்பா எப்படியும் எல்லாவற்றையும் மறந்துகொண்டே போகிற ஆள்தானே என்றுகூட ஆரம்பித்தான். அதை அவனாலேயே முடிக்க முடியவில்லை. கடைசியில் கதவு நிலையைப் பிடித்தபடி உண்மையைச் சொன்னான்.

"ஏட்டி, பிள்ள போன அன்னைக்கு ராத்திரி நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியுமா? கடற்சுவர் மேல ஏறி நின்னேன். குதிக்கத்தான் ஏறினேன். காவக்காரன் பாக்கலன்னா நான் இன்னைக்கு இல்ல. இப்ப அது எனக்கு யாரோ செஞ்ச மாதிரி இருக்கு. அத என்கிட்ட திருப்பிக் குடுத்தா நான் திரும்பவும் அங்க போவேன். என்னயப் போகச் சொல்லுதியா?"

அவளுக்கு இது தெரியாது. அவன் பொய் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. தான் தரையில் கிடந்த நாட்கள் அவளுக்குச் செய்தியாக நினைவிருந்தன. சேலை விலகியது தெரியாமல் கிடந்தாள், பக்கத்து வீட்டுக்காரிகள் வந்து வாயில் கஞ்சி ஊற்றினார்கள். அந்தப் பெண்ணாகத் தான் மறுபடி ஆகவேண்டும், அதுவும் தேயாத, முதல் நாளின் துயரத்தோடு. கூடத்தில் ஆவுடையப்பன் இன்னும் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். யாரும் விலங்கு போடாதது அவருக்குக் குழப்பமாக இருந்தது.

"நீங்க குடுத்ததையும் நானே வாங்கிக்கிடுதேன்," என்றாள் குழலி.

பால்கனியிலிருந்து வந்த ஜெஸிந்தா அதைக் கேட்டுத் தயங்கினாள். வாங்கலாம், ஆனால் இரண்டு பேருடையது ஒருத்தருக்குள் இறங்கினால் கலந்துவிடும், பிறகு இது அவருடையது, இது உங்களுடையது என்று பிரிக்க முடியாது, நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்றாள். இசக்கிதுரை தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். அந்தச் சரியைச் சொல்லும்போது அவன் முகத்தில் வந்த நிம்மதியைக் குழலி பார்த்தாள். அதற்காக அவனை வெறுக்க அவளுக்கு நேரமில்லை.

மாமனாரும் மருமகளும் தரையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நரம்பிழையின் ஒரு முனை அவர் காதுக்குப் பின்னால், மறுமுனை அவள் காதுக்குப் பின்னால். ஜெஸிந்தா காது மெஷினை அவருக்குத் திரும்ப மாட்டிவிட்டு, பையிலிருந்து எடுத்த மாற்றுப் பெட்டியின் திருகை மெல்லத் திருப்பினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, ஆஸ்பத்திரியில் அருவி தண்ணீர் கேட்டது வந்தது. கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், குழலி கொடுக்கவில்லை. மாதக்கணக்காக அவள் தெரிந்தே வைத்திருந்த சங்கதிதான், ஒரு நாளும் அவளை ஒன்றும் செய்ததில்லை. இப்போது அது அவள் கண்ணெதிரே நடந்தது. ஒரு வாய் தண்ணீர்மா என்று பிள்ளை கேட்டாள், இவள் ஈரத் துணியால் உதட்டை மட்டும் நனைத்தாள். அந்த ஈரத்தைப் பிள்ளை உறிஞ்சினாள். குழலி வாயைத் திறந்தாள், சத்தம் வர நேரமாயிற்று. வந்தபோது எதிர்வீட்டுப் பெண் அழுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். இந்த வீட்டிலிருந்து இன்னொரு குரல் இதுவரை கேட்டதில்லை.

அதன் பின்னாலேயே அவளுடையது அல்லாத ஒன்றும் வந்தது. காற்று முகத்தில் அடிக்க, கீழே கறுப்பாகக் கடல். அது அவன் கொடுத்தது. அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஜெஸிந்தா திருகை மூடிவிட்டு, வழக்கப்படி ஆவுடையப்பனின் நெஞ்சில் துயரமானியை வைத்தாள். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் குடுத்தது முழுசும் வெளிய வந்தாச்சு," என்றாள். "ஆனா இன்னும் இருக்கு. இது யாரும் குடுத்தது இல்ல. ஐயாவோட சொந்தம்."

மறதிக்காரருக்குப் பூஜ்யம் என்று போட்டார்களே, அந்தப் பூஜ்யம்தான் இது. அவர் பேத்திக்காக அவர் பட்ட துயரம், யாரும் கேட்காத, யாரும் அளக்காத துயரம், மற்ற இரண்டு பேருடைய பாரத்துக்கு அடியில் இத்தனை நாளும் நசுங்கிக் கிடந்திருக்கிறது.

ஆவுடையப்பன் நீட்டியிருந்த கையை மடக்கிக்கொண்டார். அழுதுகொண்டுதான் இருந்தார், ஆனால் முகத்தில் அந்த மிரட்சி இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து, இத்தனை மாதத்தில் முதல்முறையாகத் தன் கண்ணைத் துடைத்தார். பிறகு தரையில் புரளும் மருமகளைப் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார்.

"தாயி, நம்ம பிள்ள போயிட்டா?"

எல்லோரும் இருக்கிறார்கள் என்று சொல்ல இனி அவளுக்கு வாயில்லை.

"போயிட்டா மாமா. அருவி போயிட்டா."

"அதான பாத்தேன்," என்றார் அவர். "அதான் நெஞ்சு அடிச்சிருக்கு."

அவர் நகர்ந்து வந்து அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாளைக்குக் காலையில் மறந்துவிடுவார், மறுபடி கேட்பார். அவள் மறுபடி போயிட்டா மாமா என்று சொல்லவேண்டும், சொன்னதும் இரண்டு பேரும் சேர்ந்து அழவேண்டும். நாள்தோறும் இதுதான் இனி. அது தன்னைக் கொன்றுவிடும் என்று குழலி நினைத்தாள், ஆனாலும் அவர் மடியைவிட்டு எழுந்திருக்க அவளுக்கு மனமில்லை.

இசக்கிதுரை அவர்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மனைவியின் முதுகைத் தடவிக் கொடுத்தான், ஆனால் கையை எவ்வளவு நேரம் அங்கே வைத்திருப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கூடத்துப் படத்தை அண்ணாந்து பார்த்தான். உற்றுப் பார்த்தான், கண்ணை இறுக்கிக்கொண்டு பார்த்தான். ஒன்றும் வரவில்லை. ஜெஸிந்தா பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அவன் எழுந்து அவளிடம் போய், குனிந்து, கொஞ்சமாவது திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா, ஒரு துளி போதும் என்று கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் இல்லை என்று தலையசைத்தாள்.

அவன் திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தான். ஆவுடையப்பன் மருமகளின் தலையைத் தடவிக்கொண்டே அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவருக்கு மகனை அடையாளம் தெரியவில்லை. வந்திருப்பவன் கண் காய்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

"தாயி, இவிய யாரு? சாவுக்குத் துட்டி கேக்க வந்தவியளா?"

குழலி அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆவுடையப்பனே அவன் பக்கம் திரும்பி, வெளியாளிடம் பேசும் மரியாதையோடு கையைக் கூப்பினார்.

"இம்புட்டுத் தூரம் வந்ததே போதும்யா. துட்டி வீட்ல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது. எந்திரிச்சு சொல்லாமப் போங்க."

இசக்கிதுரை எழுந்து, சொல்லாமல், உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.